ஓடும் காரில் உறங்கும் முள்

இருபது ஆண்டு வயதான சிறு கார் ஒன்று நெடுஞ்சாலையில் விரைந்து கொண்டிருக்கிறது. சாலையோர மரங்கள் பின்னோக்கி ஓடுகின்றன. சன்னல் வழியே காற்றுச் சீறுகிறது. ஆனால் ஓட்டுநரின் எதிரிலுள்ள வேகமானியின் முள்ளோ சுழியத்தில் படுத்துக் கிடக்கிறது. திடீரெனத் துள்ளி எழுந்து அறுபதைக் காட்டுகிறது. மறுகணம் மீண்டும் விழுகிறது. "மீட்டர் போய்விட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறுவர். பெரும்பாலும் பழுதானது மீட்டர் அன்று; மீட்டருக்குச் செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவியே. பணிமனையில் அதனை 'ஸ்பீடு சென்சார்' என்பர். நம் பாடநூல்கள் 'வேக உணரி' என்கின்றன. உணர்வது உணரி. மானம் என்னும் சொல்லுக்கு அளவு என்றும் பொருள் உண்டு. ஆதலின் அளந்து காட்டுவது மானி. இவ்விரண்டில் எது பழுது என்று அறியாமல் கழற்றத் தொடங்குவோர் பணத்தை இழப்பர். குறையோ அப்படியே இருக்கும்.

முற்காலக் கார்களில் உணரி என்று ஒன்று இல்லை. கியர்பாக்ஸிலிருந்து முறுக்கிய எஃகு வடம் ஒன்று வேகமானி வரை நீண்டிருக்கும். சக்கரம் சுழலச் சுழல அவ்வடமும் தன் உறைக்குள் சுழலும். அதன் மறுமுனையில் ஒரு காந்தம். காந்தத்தைச் சூழ்ந்து ஓர் அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தோடு பொருந்திய முள். அலுமினியத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி, காந்தம் சுழலும் திசையில் அதனை இழுக்கின்றன. மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்துகிறது. இழுப்பும் தடுப்பும் சமன்படும் இடத்தில் முள் நிற்கும். இவ்வகை வேகமானிக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்றார். மின்கலத்தின் உதவி சிறிதும் வேண்டாத இந்த அமைப்பு, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் உலகெங்கும் பயன்பட்டது. நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த மாருதி 800 காரிலும் இத்தகைய வடமே இருந்தது. இதனை இன்றும் வியக்காமல் இருக்க இயலாது.

பின்னர் வந்த கார்களில் வடத்தின் இடத்தை மின்கம்பி பிடித்துக்கொண்டது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998 முதல் வெளிவந்த சான்ட்ரோ போன்ற சிறு கார்களில், கியர்பாக்ஸின் மேல் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். அதன் அடியிலுள்ள சிறு பற்சக்கரம் கியர்பாக்ஸினுள் சுழலும் பற்களோடு இணைந்து தானும் சுழலும். உள்ளே ஒரு காந்தம் சுற்றுகிறது. அதன் அருகில் 'ஹால் சில்லு' ஒன்று அசையாமல் அமர்ந்திருக்கிறது. மின்னோட்டம் பாயும் பொருளின் குறுக்கே காந்தப்புலம் அமைந்தால், அதன் பக்கவாட்டில் சிறு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹால் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1879-இல் கண்டறிந்தார். அந்தக் கண்டுபிடிப்பின் பயனாக, காந்தத்தின் முனை கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் சில்லு ஒரு மின்துடிப்பை அனுப்புகிறது.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜப்பானியத் தர அளவைப் பின்பற்றும் கார்களில், ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு உணரியின் தண்டு 637 முறை சுழலும். ஒரு சுழற்சிக்கு நான்கு துடிப்புகள். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 2548 துடிப்புகள். அதாவது கார் 39 சென்டிமீட்டர் நகரும்தோறும் ஏறத்தாழ ஒரு துடிப்பு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்கும் அன்றோ? எனவே நொடிக்கு 42 துடிப்புகள் மீட்டரை வந்தடையும். துடிப்புகள் எத்துணை விரைவாக வருகின்றன என்பது வேகம். மொத்தம் எத்தனை வந்தன என்பது தொலைவு. ஒரே செய்தியிலிருந்து மீட்டர் இரண்டு விடைகளைப் பெறுகிறது.

இவ்வமைப்பின் குறையும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கார் நின்றால் துடிப்பு வராது. உணரி பழுதானாலும் துடிப்பு வராது. 'கார் நிற்கிறது' என்பதற்கும் 'எனக்குச் செய்தி வரவில்லை' என்பதற்கும் மீட்டருக்கு வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் சுழியத்தையே காட்டும். இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி சற்றே கூர்மையானது. இஞ்சின் விரைவாகச் சுழல்கிறது, பளுவும் இழுக்கிறது, ஆனால் வேகம் மட்டும் சுழியம் என்றால், எங்கோ பிழை உள்ளது என்று அது உய்த்துணர்ந்து, எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். பழுதறியும் கருவியை இணைத்தால் 'பி0500' என்னும் குறியீடு தெரியும். சில கார்கள் வேகத்தைத் தணித்து நிற்கப் போகும் வேளையில் இஞ்சின் திணறி அணைந்துவிடுவதும் இப்பழுதின் அடையாளமே.

முள் இல்லாவிட்டால் என்ன, கண்ணால் வேகத்தை அறிய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. கிரேட்டர் நொய்டாவையும் ஆக்ராவையும் இணைக்கும் யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் நெடுநேரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் நகரத்தெருவில் நுழையும்போது, 60 கூட ஆமை வேகமாகவே தோன்றும். கண் பழகிய வேகத்தை மெதுவானதாகவே மனம் எண்ணுகிறது. பள்ளி வாயிலில் சாலையைக் கடக்கும் உங்களைப் போன்றோருக்கு இந்த மயக்கம் பேரிடர்.

இனிப் பழுதைத் தேடும் முறையைக் காண்போம். வேகமானியோடு எரிபொருள் முள்ளும் வெப்பநிலை முள்ளும் சேர்ந்து செயலிழந்தால், முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். உணரியின் மேல் பழி போடலாகாது. வேக முள் மட்டும் அசையாமல், கிலோமீட்டர் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், துடிப்புகள் ஒழுங்காக வருகின்றன என்பது தெளிவு. குறை மீட்டருக்குள் இருக்கிறது. இரண்டும் நின்றுவிட்டால்தான் உணரியையும் அதன் வயர்களையும் ஆராய வேண்டும். உணரிக்கு மூன்று வயர்கள் உண்டு: ஒன்று மின்சாரம் தருவது, ஒன்று எர்த், மற்றொன்று துடிப்பை எடுத்துச் செல்வது. சாவியைத் திருப்பி, இஞ்சினை இயக்காமல், மல்டிமீட்டரால் முதல் இரண்டிலும் மின்சாரம் வருகிறதா என்று அறியலாம். வராவிட்டால் வயர் அறுந்திருக்கும். அல்லது இணைப்பில் பச்சை நிறக் களிம்பு படிந்திருக்கும். எலி கடித்த வயரைக் கண்டுபிடிக்காமல் புது உணரி வாங்கியோர் பலர்.

மின்சாரம் வந்தால் அடுத்த சோதனை எளியது, வேடிக்கையானதும்கூட. சமதளத்தில் காரை நியூட்ரலில் வைத்து இருவர் மெல்லத் தள்ள, ஒருவர் மூன்றாம் வயரின் மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மீட்டர் நகர்வதற்குள் அது இரண்டு மூன்று முறை ஏறி இறங்க வேண்டும் என்பது மேலே நாம் போட்ட கணக்கிலிருந்தே விளங்கும். அசைவே இல்லையேல், உணரி இறந்துவிட்டது. அல்லது அதன் பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்துவிட்டன. எதுவென்பது கழற்றினால் தெரியும்.

கழற்றும் வேலை பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டுமே செய்யத்தக்கது. இஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். கைப்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றிவிட வேண்டும். உணரி பெரும்பாலும் கியர்பாக்ஸின் பின்புறத்தில், கைக்கு எட்டியும் எட்டாத இடத்தில் இருக்கும். அதைச் சுற்றியுள்ள மண்ணையும் பழைய எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் துணியால் துடைக்க வேண்டும். இது அழகுக்காக அன்று. உணரியை எடுத்ததும் கியர்பாக்ஸ் வாய்திறந்து நிற்கும். அதனுள் ஒரு மணல்துகள் விழுந்தாலும் எண்ணெயில் கலந்து பற்களை அரிக்கும். பிறகு இணைப்பின் பூட்டை அழுத்தி, வயரைப் பற்றி இழுக்காமல் பிளக்கைப் பற்றிக் கழற்ற வேண்டும். பல கார்களில் உணரியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். பத்தாம் எண் ஸ்பேனர் போதும். போல்ட்டை எடுத்தபின்னும் உணரி அசையாது. பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்த ரப்பர் வளையம் அதனைப் பற்றிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். இடவலமாக மெல்லத் திருகித் திருகி மேலே இழுப்பதே முறை. பொறுமையற்றவர்க்கு உகந்த வேலை அன்று இது.

புதிய உணரியைப் பழையதன் அருகில் வைத்து ஒப்பிடுவது இன்றியமையாதது. பற்களின் எண்ணிக்கை, தண்டின் நீளம், பிளக்கின் வடிவம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பற்களின் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் முள் அசையும். ஆனால் பொய் சொல்லும். செயலிழந்த முள்ளைவிடப் பொய் சொல்லும் முள் கொடியது, ஏனெனில் அதை நாம் நம்புகிறோம். டெல்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் பழைய கார்களுக்குரிய பொருள்கள் கிடைக்கும். அங்கே போலிகளும் உண்டு; ஆதலால் பழைய உணரியைக் கையில் கொண்டு செல்வது நன்று.

பொருத்துவது எளிது. புது ரப்பர் வளையத்தின் மீது சிறிது கியர் ஆயில் தடவி, பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வரை மெல்லத் திருகி இறக்க வேண்டும். போல்ட்டை அளவோடு முறுக்கினால் போதும். பிளக் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் ஒலி கேட்டபின் பேட்டரி வயரை இணைத்து, எச்சரிக்கைக் குறியீட்டை அழித்துவிட்டு, காரை ஓட்டிப் பார்க்கலாம்.

அப்போது பின்னிருக்கையில் இருப்பவர் கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தை வாசித்தால், அது முள்ளைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். இது பழுதன்று. வேகமானி உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம் என்பது ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன ஒழுங்குவிதி. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு நான்கைக் கூட்டிய அளவு வரை அது இசைகிறது. 40-இல் செல்லும் காரின் முள் 48 வரை காட்டலாம்.

முள் எழுந்துவிட்டது, எனினும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. உணரி உறங்கிய நாள்களில் கார் ஓடிய தொலைவு எங்கும் பதிவாகவில்லை. இஞ்சின் ஆயிலையும் டைமிங் பெல்ட்டையும் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவு செய்கின்றனர். உரிய காலத்தில் மாற்றாத பெல்ட் ஓடும்போது அறுந்தால், பல கார்களில் இஞ்சினே பாழாகும். நாளை அக்காரை வாங்குபவரும் அந்த எண்ணையே நம்புவார். ஆகவே, முள் நின்ற நாளும் புது உணரி பொருத்திய நாளும், இடையில் சென்றுவந்த பயணங்களைக் கொண்டு மதிப்பிட்ட தொலைவும் காரின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையிலான தொலைவு தெரிந்தால், அதை மதிப்பிடும் பெருக்கல் கணக்கை நீங்களே செய்துவிடலாம்.