பதக்கம் யாருக்கு?

ஆஸ்திரேலியக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்து மாதிரி இருக்காது. மைதானமும் பந்தும் முட்டை வடிவம். அணிக்கு 18 பேர். பந்தைக் கையில் பிடித்தே ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்டிப் பிடிக்க வேண்டும். முட்டைப் பந்தைத் தட்டிப் பாருங்கள், சிரமம் தெரியும்!

பின்வரிசையில் தடுத்து ஆடுபவர்களில் சிலர் பந்தைப் பறித்ததும் அங்கிருந்தே முன்னால் பாய்வார்கள். வேகத்தோடு புத்தியும் வேண்டிய வேலை. அப்படி ஒருவரை இழந்தால்?

மெல்பர்னின் 'வெஸ்டர்ன் புல்டாக்ஸ்' அணிக்கு 2016-ல் அந்தச் சோதனை வந்தது. கேப்டன் பாப் மர்ஃபி, 2000 முதல் அங்கேயே ஆடியவர். கோப்பையைத் தொட்டதே இல்லை. அந்த ஆண்டு மூன்றாவது சுற்றிலேயே முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆண்டு முழுக்க ஆட முடியாது!

கேப்டன் பொறுப்பு ஈஸ்டன் வுட்டுக்குப் போனது. பாய்ந்தோடும் வேலையில் ஜேசன் ஜோஹானிசன் கைகொடுத்தார். தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். பாவம், அவரும் நடுவில் தொடைத் தசைக் காயத்தால் பல வாரம் ஆடவில்லை.

அக்டோபர் 1, இறுதிப் போட்டி. சிட்னி அணியை 22 புள்ளிகளில் வென்றார்கள். 1954-க்குப் பிறகு முதல் கோப்பை! சிறந்த ஆட்டக்காரர், ஜோஹானிசன்.

பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜுக்கும் ஒரு பதக்கம் உண்டு. அவர் மர்ஃபியை மேடைக்கு அழைத்தார். தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அரங்கமே நெகிழ்ந்தது.

மர்ஃபி அதை வைத்துக்கொள்ளவில்லை. பிறகு பயிற்சியாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.