எல்லோருக்கும் கால் பிடித்துவிடும் அம்மாவுக்கு யார் பிடித்துவிடுவது?

இரவு பத்தரை மணி. பாத்திரம் தேய்த்து, இட்லி மாவைக் கரைத்து மூடி, கேஸை அணைத்து, வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்கிறீர்கள். உடம்பு அசதியில் கெஞ்சுகிறது. கண்ணோ மூட மறுக்கிறது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், மாமியாரின் மாத்திரை, காலை டிபன் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து நிற்கிறது. ஒருவழியாகத் தூங்கி, நடுவில் இரண்டு முறை விழித்து, ஐந்தரை மணி அலாரத்துக்கு எழும்போது நேற்றைய களைப்பு அப்படியே இருக்கிறது.

என் அம்மாவும் பல வருடங்கள் இப்படித்தான் எழுந்தார். பாட்டிக்குக் கால் பிடித்துவிடுவது, அப்பாவுக்குத் தலைவலி வந்தால் தைலம் தேய்ப்பது, எங்களுக்கு உச்சந்தலையில் எண்ணெய் வைப்பது எல்லாம் அம்மாவின் வேலை. அம்மாவின் காலை யாராவது பிடித்துவிட்டதாக எனக்கு நினைவே இல்லை. அவருக்கு 62 வயதானபோது ஒருநாள் இரவு நானே நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன். “விடுடி, காலைப் போய்த் தொட்டுக்கிட்டு” என்று இழுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் அவரே காலை நீட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, “ராத்திரி முழிப்பு வந்தாலும் திரும்பப் படுத்ததும் தூங்கிடறேன்டி. காலையில கொஞ்சம் தெம்பா இருக்கு” என்றார்.

உடம்பில் என்ன நடக்கிறது?

நிதானமான, ஒரே சீரான தொடுகை நரம்பு மண்டலத்தின் ‘அமைதிப் பிரிவை’த் தூண்டுகிறது. இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, மூச்சு ஆழமாகிறது, நாள் முழுக்க இறுகிக் கிடந்த தோளும் கெண்டைக்காலும் தளர்கின்றன.

பாதத்துக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தூக்கம் வரவேண்டுமானால் உடலின் உள்வெப்பம் கொஞ்சம் குறைய வேண்டும். அந்த வெப்பம் பெரும்பாலும் கை, கால் வழியாகத்தான் வெளியேறுகிறது. பாதம் கதகதப்பாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருவதை ஸ்விட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1999-ல் பதிவு செய்தார்கள். பாதத்தைத் தேய்த்துவிடும்போது அங்கே ரத்த ஓட்டம் கூடிக் கதகதப்பாவதை நாமே உணரலாம்.

மருத்துவமனையிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த வயதான ஆண் நோயாளிகளுக்குப் படுக்கும் முன் 6 நிமிடம் முதுகில் மசாஜ் செய்தார்கள். செய்யாதவர்களைவிட அவர்கள் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாகத் தூங்கினார்கள் என்கிறது 1998-ல் வெளிவந்த அந்த ஆய்வு. மாதவிடாய் நின்றபின் தூக்கம் வராமல் தவித்த பெண்களிடம் பிரேசிலில் நடந்த ஆய்விலும் நல்ல பலன் தெரிந்தது. இவையெல்லாம் சிறிய ஆய்வுகள்தான். ‘மசாஜ் செய்தால் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பாதியாகிவிடும்’ என்பது போன்ற விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம்.

நம் மரபுக்கும் இது புதிதல்ல. சித்த மருத்துவத்தில் ‘தொக்கணம்’ என்று தனிச் சிகிச்சையே இருக்கிறது. தட்டுதல், பிடித்தல், அழுத்துதல், இழுத்தல் என்று அதில் 9 வகை. எண்ணெய் தேய்ப்பதால் நல்ல தூக்கம் வரும் என்று சொல்லும் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம், தலை, காது, பாதம் மூன்றையும் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது.

காலைத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முற்பாதியில்தான் கிடைக்கிறது. உடம்பு தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளும் நேரம் அது. படுத்தபின் புரண்டு புரண்டு, அடிக்கடி விழித்துக்கொண்டிருந்தால் 8 மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் களைப்பு தீராது. அதனால்தான் ஸ்பாவுக்குப் போய் மாதம் ஒருமுறை செய்துகொள்ளும் ஒரு மணி நேர மசாஜைவிட, தினமும் படுக்கும் முன் செய்யும் 10 நிமிடம் தூக்கத்துக்கு உதவும்.

பத்து நிமிடம், இப்படி...

* நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு டீஸ்பூன் போதும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.
* முதல் 2 நிமிடம் உச்சந்தலையிலும் நெற்றிப் பொட்டிலும் விரல் நுனியால் மெல்ல வட்டமிடுங்கள்.
* அடுத்த 2 நிமிடம் கழுத்தின் பின்பக்கத்திலிருந்து தோள் வரை கீழ்நோக்கி நீவுங்கள்.
* ஒவ்வொரு காலுக்கும் 3 நிமிடம். உள்ளங்காலைக் கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் வரை அழுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு, கெண்டைக்காலை மேல்நோக்கி நீவுங்கள்.
* பழைய சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் காலோடு பாத்ரூம் போனால் வழுக்கும்.
* லைட் மங்கலாக இருக்கட்டும். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

தனியாக இருப்பவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம். உள்ளங்காலுக்கடியில் ஒரு டென்னிஸ் பந்தை வைத்து உருட்டினாலும் இதமாக இருக்கும். இரண்டு, மூன்று வாரம் விடாமல் செய்து பாருங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எண்ணெயின் சூடு தெரியாது. சூடுபடுத்தாமல் மெல்லத் தடவினால் போதும். புண் இருந்தால் தொடவே வேண்டாம். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே அழுத்தித் தேய்ப்பது ஆபத்து. உடனே மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இன்னொன்று. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்கு மசாஜ் தீர்வாகாது. அது தூக்கத்தில் மூச்சுத்தடைப் பிரச்னையாக இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் ஆகியவையும் காலைக் களைப்பாகத் தலைகாட்டலாம். என் அம்மாவையும் டாக்டரிடம் அழைத்துப் போனபோது ரத்தசோகை இருப்பது தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் எண்ணெய்க் கிண்ணமும் ஒன்றாகத்தான் தொடர்ந்தன. அவருடைய தெம்பில் எது எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தலைசுற்றலையும் மூச்சிரைப்பையும் பற்றி என்னிடம் சொன்னார். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகப் படுக்கப்போவது யார் என்று பாருங்கள். அவருக்கு முன்னால் அந்தக் கிண்ணத்தோடு போய் உட்காருங்கள். முதல் நாள் காலை இழுத்துக்கொள்வார். மறுநாளும் போங்கள்.