உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூரின் இடத்தைச் சொன்ன விண்மீன்கள்

விண்மீன்கள் வானில் எங்கே இருக்கின்றன என்று அளந்து பட்டியல் போடுவதற்கென்றே தனி வகைத் தொலைநோக்கிகள் உண்டு. அவற்றுக்கும் நம் சிங்கப்பூருக்கும் இருக்கும் உறவை அறிவோமா?

பக்கவாட்டில் திரும்பாது!
இந்தத் தொலைநோக்கி வடக்கு–தெற்குக் கோட்டில் மேலும் கீழும் மட்டுமே அசையும். விண்மீன் அந்தக் கோட்டைக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடந்த நேரம் அதன் கிழக்கு–மேற்கு நிலையைச் சொல்லும். தொலைநோக்கியின் சாய்வுக் கோணம் வடக்கு–தெற்கு நிலையைச் சொல்லும்.

சிலந்தி நூல்
கண்வில்லைக்கு முன்னால் சிலந்தி நூல்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அவ்வளவு மெல்லிய, அறுந்துபோகாத கோடு அந்தக் காலத்தில் வேறெதிலும் எளிதாகக் கிடைக்கவில்லை. கண் நூலைப் பார்க்கும், காது கடிகாரத்தின் டிக் ஒலியை எண்ணும். இரண்டு டிக்குகளுக்கு நடுவே விண்மீன் நூலைத் தொட்ட கணத்தை, நொடியில் பத்தில் ஒரு பங்குவரை கணிப்பார்கள்.

பத்து டன் தூண்
சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானியல் ஆய்வகத்தில், தொலைநோக்கியைத் தாங்க 15 அடி உயரக் கருங்கல் தூணை நட்டார்கள். எடை சுமார் 10 டன். தொலைநோக்கி சற்றே அதிர்ந்தாலும் அளவு கெட்டுவிடும் என்பதே காரணம். தமிழ்க் கல்வெட்டும் கொண்ட அந்தத் தூணை வானிலை மைய வளாகத்தில் இன்றும் காணலாம்.

11,015 விண்மீன்கள்
அந்த ஆய்வகத்தின் டி.ஜி. டெய்லர் 1844-இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 விண்மீன்களின் இடங்கள் உள்ளன. அடுத்து வந்த தொலைநோக்கியால் 1862 முதல் 1887 வரை அளந்து மேலும் 5,303 விண்மீன்களுக்குப் பட்டியல் தயாரானது. கணினி இல்லாத காலத்தில் இது மாபெரும் உழைப்பு.

ரகுநாதாச்சாரியின் விண்மீன்
சென்னை ஆய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் ‘ஆர் ரெட்டிகுலி’ விண்மீனை 1867-இல் கண்டுபிடித்தார். அது இருக்கும் ‘ரெட்டிகுலம்’ கூட்டத்துக்குப் பெயர் வந்ததே, தொலைநோக்கிக்குள் இருக்கும் அளவுக் கோடுகளால்தான்! தென்வானில் இருப்பதால் சென்னையில் அது 14 பாகைக்கு மேல் ஏறாது. சிங்கப்பூரில் சுமார் 26 பாகைவரை ஏறும். பார்க்கத் தொலைநோக்கி வேண்டும்.

தேக்கா கடையில் கிடைக்கும் பஞ்சாங்கம்
பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இரண்டு வகை உண்டு. புதிய வானியல் அளவீடுகளை ஒட்டித் திருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டவர்களில் ரகுநாதாச்சாரியும் ஒருவர். வானில் காண்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் கொள்கை. வானமும் அப்படியே நிற்பதில்லை: பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், நட்சத்திரங்களின் இடக்கணக்கு ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது.

கடலடிக் கம்பியில் வந்த நொடிகள்
1871-இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூரைக் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. 1881–82-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள் தொலைநோக்கிகளுடன் யோக்கோஹாமா முதல் சென்னைவரை பல நகரங்களின் தீர்க்கரேகையை அளந்தார்கள். அவற்றில் சிங்கப்பூரும் ஒன்று. ஒவ்வோர் ஊரிலும் விண்மீன்களைப் பார்த்து உள்ளூர் நேரத்தைக் கண்டு, அதைத் தந்தியில் ஒப்பிட்டார்கள். சென்னைக்கும் நமக்கும் இடையே உள்ளூர் நேரத்தில் சுமார் 1 மணி 34 நிமிட வித்தியாசம். இதில் ஒரு நொடி பிசகினாலும் வரைபடத்தில் சிங்கப்பூர் 460 மீட்டர் தள்ளிப்போய்விடும்!

நேரம் சொன்ன பந்து
தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவிலில் தொடங்கி, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவிலில் முடிகிறது. அந்தக் கோவிலை அடுத்திருக்கும் ஃபோர்ட் கேனிங் குன்றின் கம்பத்தில் ஒரு காலத்தில் பெரிய பந்து ஒன்று இருந்தது. சரியாகப் பிற்பகல் 1 மணிக்கு அது கீழே விழும். துறைமுகக் கப்பல்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டன. அதன் மாதிரியை இப்போதும் அங்கே காணலாம்.

நமக்கு உச்சி வெயில் எப்போது?
1905-க்கு முன் சிங்கப்பூரின் நேரம் கிரீனிச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 நொடி முன்னால் இருந்தது. நம் தீர்க்கரேகைக்கு உரிய நேரம் அதுதான். இன்று 8 மணி முன்னால் இருக்கிறோம். அதனால் சூரியன் தலைக்கு மேல் வருவது சராசரியாகப் பிற்பகல் 1.05-க்குத்தான்.

முழு வானமும் நமக்கே
நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருப்பதால், ஓராண்டில் வானத்தின் ஏறத்தாழ எல்லா விண்மீன்களும் நம் அடிவானத்துக்கு மேல் வந்துபோகின்றன. லண்டன்வாசிகள் ஊரில் இருந்தபடி ஒருபோதும் காண முடியாத தென்சிலுவையை மே மாத மாலைகளில் நாம் பார்க்கலாம். துருவ நட்சத்திரமோ அடிவானத்தை ஒட்டிப் பதுங்கிக் கிடக்கும்.

180 கோடி!
2013-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய ‘கையா’ விண்கலம் 2025 தொடக்கம்வரை விண்மீன்களை அளந்தது. அதன் பட்டியலில் சுமார் 180 கோடி விண்மீன்கள். கையா ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்ற, விண்மீன்கள் அதன் உணரிகளைக் கடந்து சென்றன. கடக்கும் கணத்தை அளக்கும் அந்தப் பழைய முறை இங்கும் உதவியது.

உங்கள் மாடியில் ஓர் அளவீடு
நகர விளக்குகளால் மங்கிய நம் வானத்திலும் பிரகாசமான விண்மீன்கள் தெரிகின்றன. வீவக தாழ்வாரத்தில் ஓரிடத்தில் நின்று, எதிர் புளோக்கின் விளிம்பில் ஒரு விண்மீன் மறையும் நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் அதே இடத்தில் பாருங்கள். 3 நிமிடம் 56 நொடி முன்னதாகவே மறைந்துவிடும். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்: பூமி ஒருமுறை சுழல எடுக்கும் உண்மையான நேரத்தை, 23 மணி 56 நிமிடத்தை, அவர்களே அளந்துவிடலாம்.