மதுரையை வரைந்த வேதியியலாளர்

மதுரையிலிருந்து சாலை வழியே சென்னைக்கு வருவோர் தாம்பரத்தைக் கடந்துதான் நகருக்குள் நுழைகின்றனர். அந்தப் பெருஞ்சாலையில் நேர்ந்த விபத்துகளால் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோரும், அவர்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வரும் குடும்பத்தாரும் இந்தச் செய்திமடலின் வாசகர்களில் உள்ளனர். பார்வை மெல்ல மெல்லக் குறைந்துவரும் நோயுடையோரும் உள்ளனர். அவர்களுக்கு இதனை வேறொருவர் படித்துக் காட்டுகிறார். இவ்விரு துன்பங்களும் ஒரே வீட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்த ஒரு தம்பதியைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

மனோகர் தேவதாஸ் 1936ஆம் ஆண்டு மதுரையில் பிறந்தார். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று, சென்னையில் மின்கலம் தயாரிக்கும் நிறுவனமொன்றில் பணியில் சேர்ந்தார். 1963இல் மஹிமாவை மணந்தார். பின்னர் அமெரிக்காவின் ஒபர்லின் கல்லூரிக்குச் சென்று மேற்படிப்பையும் முடித்துத் திரும்பினார். ஓவியக் கல்லூரி எதிலும் அவர் பயின்றதில்லை. கோடு இழுக்கும் பழக்கம் அவரிடம் இளமையிலேயே இருந்தது. ஆயினும் அது அவருடைய வாழ்வின் நடுவிடத்துக்கு வந்தது, வாழ்வு இரண்டு பக்கங்களிலும் இடிபட்ட பின்னரே.

1972 டிசம்பரில் அவர்கள் சென்ற கார் விபத்துக்குள்ளாயிற்று. மஹிமாவுக்குத் தோள்களுக்குக் கீழே உடல் செயலிழந்தது. மனோகருக்கோ, ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ எனப்படும் பரம்பரை விழித்திரை நோய் இருந்தது. இந்நோயில் முதலில் இருட்டில் பார்வை தடுமாறும். பின்னர்ப் பக்கப்பார்வை சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாயின் வழியே உலகைக் காண்பது போன்ற நிலை உண்டாகும். அன்று அதற்கு மருந்தில்லை. அவருக்கு அப்போது வயது முப்பத்தாறு.

கை கால் அசையாத ஒருவரைப் பராமரிப்பது என்னவென்று நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவும் அதில் அடக்கம். சிறுநீர்த் தொற்று, நுரையீரலில் சேரும் சளி, இறுகும் மூட்டுகள் ஆகிய அனைத்தையும் நாள்தோறும் கவனிக்க வேண்டும். காற்று மெத்தையும் நல்ல சக்கர நாற்காலியும் எளிதில் கிடைக்காத காலம் அது. மஹிமா அந்த விபத்துக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2008இல் மறைந்தார். இந்த எண்ணை நம் செவிலியர்களிடம் சொல்லிப் பாருங்கள்; அதன் பொருளை அவர்கள் உடனே உணர்வர்.

அவ்வாண்டுகளில்தான் மனோகரின் கோட்டோவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. வெள்ளைத் தாளில் கறுப்பு மை. மெல்லிய முனையுடைய பேனா. நிழல் வேண்டிய இடத்தில் நுண்ணிய கோடுகளை நெருக்கி, அவற்றின் குறுக்கே மீண்டும் கோடுகளை இழுத்து இருளை உண்டாக்கும் முறை. மையில் வரைந்ததை அழிக்க இயலாது. ஒரு கோபுரத்தில் ஆயிரக்கணக்கான கோடுகள் இருக்கும். பார்வை குறையக் குறைய, மிகுந்த திறனுடைய கண்ணாடிகளை அணிந்து, பிரகாசமான விளக்கொளியில், தாளை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு அவர் வரைந்தார். ஒரு நேரத்தில் கண்ணுக்குள் அடங்குவது தாளின் ஒரு சிறு வட்டமே. எஞ்சிய முழுப்படமும் மனத்தில்தான் நிற்க வேண்டும். தொலைவில் உள்ளவை எவ்வளவு சிறுக்க வேண்டும், கோடுகள் எப்புள்ளியில் கூட வேண்டும் என்ற கணக்கில் அவர் கொண்டிருந்த தேர்ச்சி இதற்குப் பெரிதும் துணைநின்றிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பழகிய பொறுமையும் வீண்போயிருக்காது.

அவர் வரைந்தவற்றுள் சிறந்தவை தாம் வளர்ந்த ஊரைப் பற்றியவை. மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், யானைமலை, அவற்றைச் சுற்றியிருந்த எளிய வீதிகள். 1997இல், தம் அறுபதாம் வயதையொட்டி, ‘க்ரீன் வெல் இயர்ஸ்’ என்ற ஆங்கில நாவலைத் தாமே வரைந்த படங்களுடன் வெளியிட்டார். மதுரையில் கழிந்த சிறுபருவமே அதன் உள்ளடக்கம். 2007இல் ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ என்ற ஓவிய நூல் வந்தது. தம் மணவாழ்வைப் பற்றி ‘ட்ரீம்ஸ், சீசன்ஸ் அண்ட் ப்ராமிஸஸ்’ என்ற நூலையும் எழுதினார். மதுரையை விட்டுப் பல்லாண்டுகளாகச் சென்னையில் வாழ்ந்தவர், பார்வையைப் பற்றிய கவலையே இல்லாத நாட்களில் கண்ட தெருக்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார்.

இதில் வியப்பில்லை. நடுவயதைக் கடந்தோர், பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நிகழ்வுகளையே மற்றவற்றைவிட மிகுதியாக நினைவுகூர்கின்றனர் என்று உளவியல் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். நம் வார்டுகளில் மாலை வேளைகளில் கேட்கும் பேச்சும் இதற்குச் சான்று: ஏரியில் நீந்தியது, முதல் ரயில் பயணம், பள்ளிக்கூடத்துப் புளியமரம். நோயாளி அதையே நான்காம் முறை சொல்கிறார் என்று உறவினர் சலித்துக்கொள்வதுண்டு. மனோகர் அதைத் தாளில் இறக்கினார்.

மஹிமாவை வெறும் நோயாளியாக இக்கதையில் நிறுத்துவது சரியன்று. கணவரின் ஓவியங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டபோது, அவற்றிலுள்ள இடங்களைப் பற்றிய குறிப்புகளை எழுதியவர் அவர். அட்டைகளால் கிடைத்த தொகை அறப்பணிகளுக்குச் சென்றது. எழுந்து அமர முடியாதவர் எழுத்துக்கும், பார்வை சுருங்கியவர் படத்துக்கும் பொறுப்பேற்ற ஏற்பாடு அது. பராமரிப்பவர் ஒருபுறம், பராமரிக்கப்படுபவர் மறுபுறம் என்ற பிரிவு அந்த வீட்டில் அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தகைய வரலாறுகளை எழுதும்போது, படிப்போர் மனத்தில் ஓர் உறுத்தல் எழக்கூடும்: அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை? மனோகருக்கு நிலையான ஊதியமும் உயர்கல்வியும் இருந்தன. கூடுவாஞ்சேரியிலிருந்தும் படப்பையிலிருந்தும் நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வந்து நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. அவரை நோக்கி நீங்களும் ஓவியம் வரையுங்கள் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். பராமரிப்பவர் தமக்கென்று நாளில் அரைமணி நேரம் வைத்துக்கொள்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம் அன்று என்பதை மட்டும் அழுத்திச் சொல்வோம். அந்த அரைமணியில் அவர் உறங்கினாலும் தகும்.

வரைய விரும்புவோர் வயதை எண்ணித் தயங்கவேண்டியதில்லை. அமெரிக்காவில் ‘பாட்டி மோசஸ்’ என்று அறியப்பட்ட அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் (1860–1961) பண்ணை வீடொன்றில் உழைத்து வாழ்ந்தவர். மூட்டுவலியால் ஊசி பிடிக்க இயலாமல் பூத்தையல் கடினமானபோது, எழுபது வயதுக்கு மேல் தூரிகையை எடுத்தார். அவர் தீட்டியவையும் பெரும்பாலும் பழைய கிராமத்துக் காட்சிகளே: பனி, அறுவடை, குதிரை வண்டி. நூற்றொரு வயது வரை வாழ்ந்தார். நம் பகுதிக்கு அருகிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில், ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் உள்ளது. சிகிச்சைக்கு இடையே ஒருநாள் வெளியே செல்ல அனுமதி கிடைத்தால், அமைதியாகச் சுற்றிப் பார்க்கத் தக்க இடம்.

மனோகருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த அவர், 2022 டிசம்பரில் சென்னையில் தம் 86ஆம் வயதில் காலமானார்.

அவருடைய நோயைப் பற்றிச் சில செய்திகள் வாசகர்களுக்குப் பயன்படும். உலக அளவில் ஏறத்தாழ நான்காயிரம் பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. இதன் மிக அரிய வகையொன்றுக்கு மட்டும் மரபணுச் சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெரும்பாலானோருக்கு இன்றும் குணப்படுத்தும் மருந்தில்லை. ஆனால் மருந்தில்லை என்பதற்காகக் கண் மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடலாகாது. இந்நோயுடன் கண்புரையும் விழித்திரை வீக்கமும் வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எஞ்சிய பார்வையைப் பயன்படுத்த உருப்பெருக்கிகள், தகுந்த விளக்குகள், நடைப்பயிற்சி ஆகியவை உதவும். உறவுக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் சில வகைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்து, மங்கிய ஒளியில் பிள்ளைகள் தடுமாறினாலோ, பக்கத்தில் வருபவர்மீது அடிக்கடி மோதிக்கொண்டாலோ, அதைக் கவனக்குறைவு என்று கண்டிக்காமல் விழித்திரைப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.