இழை அறுந்தாலும் ராக்கெட் நிற்காது

ஆரணிப் பக்கம் பட்டு நெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாவில் ஓர் இழை அறுந்தால் கை சட்டென்று நின்றுவிடும். குனிந்து, முனையைத் தேடி எடுத்து, விரல் நுனியால் முடிந்த பிறகுதான் நாடா மறுபடி ஓடும். ராக்கெட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது.

ராக்கெட் பிடித்துக்கொண்டு போகும் இழைகளில் ஒன்று ஜிபிஎஸ் சிக்னல். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் அதன் வலு, தரையைத் தொடும்போது ஒரு வாட்டை நூறு கோடி கோடியால் வகுத்த அளவுதான். நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேரும் நேரத்தை வைத்து இடம் கணக்காகிறது. நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி தப்பினால் தூரத்தில் 300 மீட்டர் தப்பும். ராக்கெட் திரும்புவதை அளக்க அதற்குள்ளேயே சுழல்மானிகள் உண்டு. ஆனால் அவற்றின் சிறு பிழை நொடிக்கு நொடி சேர்ந்துகொண்டே போகும். அதைத் திருத்தத்தான் ஜிபிஎஸ்.

இவ்வளவு மெல்லிய சிக்னலைக் கெடுக்க, தரையில் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் போதும். 2025-இல் டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் பொய்யான ஜிபிஎஸ் சிக்னல் வந்ததை அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

மனிதர் குறுக்கிடாவிட்டாலும் நம் வானமே குறுக்கிடும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும் அந்தக் கோடுதான் காரணம். பொழுது சாய்ந்ததும், இந்தக் கோட்டின் மேலே உள்ள அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி, நூற்றுக்கணக்கான கி.மீ. உயரம் வரை எழும்பும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். குமிழிக்குள் நுழைந்த சிக்னல் நட்சத்திரம்போல் மினுங்கும். சில நேரம் பெறுவியின் பிடியிலிருந்தே நழுவிவிடும். ஆரணிக்கு வடக்கே, திருப்பதி அருகிலுள்ள கடங்கியில் பெரிய ரேடார் வைத்து இந்தக் குமிழிகளை ஆராய்கிறார்கள்.

சிக்னலின் அதிர்வெண் கூடினால் மினுக்கம் குறையும். ஜிபிஎஸ் போல நம் நாடு அமைத்த நாவிக், 1176 மெகாஹெர்ட்ஸோடு 2492 மெகாஹெர்ட்ஸிலும் பேசுவது அதனால் பெரிய பலம்.

அந்தத் தென்கோடியை ஒட்டிய குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து கிளம்பும் ராக்கெட்டுகள் குமிழி பிறக்கும் வானத்தின் வழியேதான் போக வேண்டும். தமிழகக் கல்லூரிகள் ஆளுக்கொரு பெறுவியை மொட்டை மாடியில் வைத்து, இரவுதோறும் இந்த மினுக்கத்தைப் பதிவு செய்யட்டும். அதை இப்போதே தொடங்க வேண்டும்.