“எனக்கு அப்பவே தெரியும்!”

‘2038 ஜனவரி 19 அன்று உலகத்துக் கணினிகள் எல்லாம் குழம்பிப்போகும் என்று ஒரு காணொளி சுற்றுகிறதே, இதுவும் 2000இல் கிளப்பிவிட்ட புரளி மாதிரிதானா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேள்வியின் முதல் பாதிக்குச் சுருக்கமான பதில் போதும். 1970 தொடங்கி நொடிகளை எண்ணிவரும் 32 பிட் நிரல்களில், எண்ணிக்கை 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647ஐத் தொட்டதும் இடம் தீர்ந்துவிடும். நம் நேரப்படி அன்று காலை 8.44 மணி. புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. மாற்றாமல் விட்ட பழைய கருவிகள் மாட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது இரண்டாம் பாதி. ஒய்-2-கே என்ற அந்த 2000ஆம் ஆண்டுக் கோளாறு வெறும் புரளி என்று நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோமே, அந்த உறுதி எப்போது வந்தது?

பழைய கதையைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியர் விடமாட்டார். இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்தார்கள். ‘00’ என்றால் 1900ஆ, 2000ஆ என்று கணினிக்குத் தெரியாது. 1993இல் பீட்டர் டி ஜாகர் என்ற கனடாக்காரர் இதைப் பற்றி உரக்க எச்சரித்தார். சரிசெய்ய உலகம் முழுக்க 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை ஆகும் என்றது கார்ட்னர் நிறுவனம். பயத்தை வைத்து ஜெனரேட்டரும் உலர் உணவும் விற்றவர்கள் அமெரிக்காவில் நன்றாகவே சம்பாதித்தார்கள். கோபால் (COBOL) என்ற நிரல்மொழி தெரிந்த நம் இளைஞர்களுக்கு விமான டிக்கெட் கிடைத்தது. 2000 பிறந்த இரவும் கழிந்தது.

எதுவுமே நடக்கவில்லை என்பதும் சரியல்ல. ஜப்பானின் ஓனகாவா அணுமின் நிலையத்தில் நள்ளிரவு தாண்டியதும் எச்சரிக்கை மணி அடித்தது, ஆபத்து ஏதுமில்லை. அமெரிக்கக் கடற்படை வான்காணகத்தின் இணையதளம் ஆண்டை 19100 என்று காட்டியது. அந்நாட்டு உளவுச் செயற்கைக்கோள்களின் தகவல்கள் சில நாட்களுக்குச் சரிவரக் கிடைக்கவில்லை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கர்ப்பிணிகளின் வயதைக் கணினி தப்பாகக் கணக்கிட்டது. டவுன் சிண்ட்ரோம் பரிசோதனையில் 150க்கும் மேற்பட்டவர்களுக்குத் தவறான முடிவு போனது.

அப்படியிருந்தும் அந்த உறுதி எப்படி வந்தது? இனி உளவியலுக்கு வருவோம். பாரூக் ஃபிஷ்ஹாஃப் என்பவர் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 1814இல் பிரிட்டிஷாருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரைப் பற்றி ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார். முடிவு நான்கில் ஒன்று: பிரிட்டிஷ் வெற்றி, கூர்க்கா வெற்றி, இழுபறி, சமாதானம். ஒரு குழுவுக்கு முடிவைச் சொல்லவில்லை. மற்ற ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவை ‘இதுதான் நடந்தது’ என்று சொல்லிவிட்டார். பிறகு, எது எவ்வளவு சாத்தியமாக இருந்தது என்று மதிப்பிடச் சொன்னார். அவரவர் கேட்ட முடிவுக்கே அவரவர் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். பத்தியில் எந்தச் செய்தி முக்கியம் என்பதும் அதற்கேற்ப மாறியது. சொன்ன முடிவை மறந்துவிட்டு மதிப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாலும் பெரிய பயனில்லை.

இட்லி மாவில் உப்பைக் கரைத்த பிறகு ‘உப்பை மட்டும் எடுத்துவிடு’ என்றால் எப்படி எடுப்பது? அதோடு போகிறதா? இரவெல்லாம் மாவு புளித்துப் பொங்கும். காலையில் பாத்திரத்தின் விளிம்பைப் பார்ப்பவர், நேற்றே இவ்வளவு மாவு இருந்ததாகச் சத்தியம் செய்வார். முடிவு தெரியாத குழுவின் மாவு ஊட்டிக் குளிரில் வைத்தது போல, பொங்காமல் கிடக்கும். (ஊட்டிக்காரர்கள் மன்னிக்க.)

அதே ஆண்டில் ரூத் பேத்துடன் சேர்ந்து ஃபிஷ்ஹாஃப் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 1972இல் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போகும் முன், மாவோவைச் சந்திப்பாரா என்பது போன்ற கேள்விகளை இஸ்ரேல் மாணவர்களிடம் கேட்டு, அவர்கள் கணித்த சதவீதத்தைப் பதிவுசெய்து வைத்தார்கள். பயணம் முடிந்ததும், ‘நீங்கள் அன்று என்ன எழுதினீர்கள்?’ என்று கேட்டார்கள். நடந்துவிட்டவற்றுக்குத் தாங்கள் முன்பே அதிகம் போட்டதாகப் பலருக்கு ஞாபகம். மாதங்கள் கூடக்கூட இந்தத் திருத்தமும் கூடியது. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஒய்-2-கேயை வைத்தும் இதைச் சோதித்துவிட்டார்கள். புத்தாண்டுக்கு முன் எவ்வளவு கோளாறு வரும் என்று பங்கேற்றவர்கள் எதிர்பார்த்தார்களோ, அதைவிடக் குறைவாகவே எதிர்பார்த்ததாகப் பிறகு நினைவுகூர்ந்தார்கள். அமெரிக்க உளவியலாளர்களின் இந்த ஆய்வு 2003இல் வெளியானது. பயந்தவர்களே பயந்ததை மறந்துவிட்டார்கள்.

அதற்காக ‘செலவழித்த பணம்தான் உலகைக் காத்தது’ என்று ஆலோசனை நிறுவனங்கள் மார்தட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். இத்தாலி போன்ற நாடுகள் மெத்தனமாகவே இருந்தன. அங்கும் பெரிதாக ஒன்றும் முறியவில்லை. கோளாறு நிஜம், பெருமளவு வேலையும் நிஜம், விற்ற பயத்தில் பாதி வெறும் வியாபாரம் என்பதே என் கணிப்பு.

இன்றைய பயத்துக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவு எல்லா வேலையையும் விழுங்கிவிடும் என்கிறார்கள். எல்லாம் பம்மாத்து என்கிறார்கள். உங்கள் கணிப்பு என்ன? ஐந்து ஆண்டில் உங்கள் வேலை போக எத்தனை சதவீதம் வாய்ப்பு? ஓர் எண்ணைத் தாளில் எழுதித் தேதி போடுங்கள். கீழே, அதற்கு நேர்மாறாக நடந்தால் எப்படி நடந்திருக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்படி யோசிப்பது ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்னும் கோளாறைக் குறைக்கிறது என்று உளவியலாளர் ஸ்லோவிக்கும் ஃபிஷ்ஹாஃபும் 1977இலேயே காட்டியிருக்கிறார்கள். தாளை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். உங்களிடமே இருந்தால் திருத்திவிடுவீர்கள்.