பில்லர் கம்பியைக் காக்கும் ரிங்

ஓர் ஈர்க்குச்சியை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள். நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்துவிடும். கான்கிரீட் பில்லருக்குள் நிற்கும் கம்பிக்கும் இதே ஆபத்து உண்டு. அதை வளையவிடாமல் பிடித்திருப்பவை இரண்டு: மேலே மூடியிருக்கும் கவர் கான்கிரீட், குறுக்கே சுற்றிக் கட்டிய ரிங். நிலநடுக்கத்தில் கவர் உதிர்ந்துவிட்டால் மிஞ்சுவது ரிங் மட்டும்தான். பிடிப்பில்லாத நீளம் இருமடங்கானால், வளையாமல் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட கணக்கு. கம்பி வெளியே பிதுங்கியதும் உள்ளிருக்கும் கான்கிரீட் நொறுங்கும், பில்லர் அமர்ந்துவிடும்.

2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்துவிட்ட கட்டடங்கள் பல. அங்கே பில்லர்களில் ரிங்குகள் தூரத் தூரமாக இருந்தன. முனைகள் 90 டிகிரியில் மட்டும் மடக்கப்பட்டிருந்தன. கவர் விழுந்ததும் அப்படிப்பட்ட ரிங் வாய் திறந்துகொள்ளும். முனையை 135 டிகிரிக்கு உள்நோக்கித் திருப்பினால் அது நடுக் கான்கிரீட்டுக்குள் புதைந்து நிற்கும், அவிழாது. கை வலிக்கும் வேலை என்பதால்தான் தளத்தில் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள். பல உயிர்களின் பாதுகாப்பு அந்த ஒரு மடிப்பில் இருக்கிறது என்பதைக் கம்பி கட்டுபவருக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

300 மி.மீ. பில்லர், 16 மி.மீ. கம்பி என்று வைத்துக்கொள்வோம். பொதுவான தரநிலையான ஐ.எஸ். 456-இன்படி ரிங் இடைவெளி 256 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 (2016) இன்னும் கடுமையானது: பீம் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் குறைந்தது 450 மி.மீ. உயரத்துக்கு 75 மி.மீ. இடைவெளி, அதாவது ஏறக்குறைய 3 அங்குலம். சென்னை 2002 முதல் நிலநடுக்க மண்டலம் 3-இல் இருப்பதால் இது இங்கும் பொருந்தும். வீடு கட்டுகிறவர் கான்கிரீட் போடும் முன் டேப்பால் அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு பார்க்க வழியில்லை.

பழைய வீட்டில் எதிரி துரு. ரிங் மெல்லியது, வெளிப்பக்கம் இருப்பது. எனவே கடலோர ஈரக்காற்றில் முதலில் அரிபடுவதும் அதுதான். பில்லர் மூலையில் நெடுக்காக விரிசல், பழுப்புக் கறை, கவர் உதிர்தல் தெரிந்தால் மேலே சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். துருவை நீக்கி, புதுக் கம்பியும் ரிங்கும் கட்டி, சுற்றிலும் கான்கிரீட் போடும் ஜாக்கெட்டிங் போன்ற வழிகள் இருக்கின்றன. கம்பியே வெளிப்பக்கம் வளைந்திருந்தால் ஆட்களை வெளியேற்றிவிட்டு, பொறியாளர் சொல்லும் இடங்களில் முட்டுக் கொடுத்த பிறகே மற்ற வேலை.

அடுக்குமாடி வாங்கியவருக்கு 2016-இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வலுவான பாதுகாப்பு. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறைபாடு தெரியவந்து நீங்கள் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது பிரிவு 14(3). தவறினால் இழப்பீடு கோரலாம். தமிழ்நாட்டில் இதற்கென ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது.

தனி வீட்டை ஒப்பந்ததாரரிடம் கட்டக் கொடுத்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. காலக்கெடு பொதுவாக 2 ஆண்டு. ஒப்பந்தம், ரசீதுகள், கான்கிரீட் போடும் முன் எடுத்த படங்கள் எல்லாம் அங்கே பேசும். வழக்குக்காகப் பழுதான பில்லரை அப்படியே விட்டுவைக்காதீர்கள்: கட்டியவருக்கு எழுத்தில் தெரிவித்து, படமும் பொறியாளரின் கையெழுத்திட்ட அறிக்கையும் கைக்கு வந்ததும் பழுதுபார்ப்பைத் தொடங்கிவிடுங்கள்.